உங்கள் இணையதளம் யார் பெயரில் இருக்கிறது?

இந்தக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்பாகக் கணக்கு வழக்குகளைப் பற்றித் தெளிவாகப் பேசி அமர்ந்திருக்கும் தணிக்கையாளர் அம்மையார் அவர்களே, சிறப்பு விருந்தினராக வருகை தந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, அரைநாள் தொழிலை நிறுத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை. எழுபது வயதைக் கடந்த அவர், தம் இணையதளத்துக்கு வரும் விசாரணைகளுக்கெல்லாம் காலையில் கதவைத் திறப்பதற்கு முன் தாமே பதில் எழுதுகிறார். இதை அவர் ஒருபோதும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் இங்கே சொல்கிறேன். செயலாளர் அவர்களும் இந்த மண்டபத்தை ஏற்பாடு செய்யப் பட்டபாட்டை நான் அறிவேன். இருவருக்கும் நன்றி.

‘சிறுதொழில் இணையதளங்களில் நேரும் பிழைகள்’ என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். ஐந்து பிழைகளைச் சொல்லப் போகிறேன். பழைய தகவலை மாற்றாமல் விடுவது ஒன்று. கைப்பேசியில் சரியாகத் தெரியாத பக்கம் இரண்டு. பாதுகாப்புப் பூட்டு, அதாவது தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் https வசதி இல்லாதது மூன்று. காப்பு நகல் எடுக்காதது நான்கு. ஐந்தாவதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்காகத்தான் வந்தேன்.

முதல் பிழை எல்லோரும் அறிந்தது. தொலைபேசி எண் மாறி இரண்டு வருடம் ஆகியிருக்கும். தளத்தில் பழைய எண்ணே இருக்கும். அதைவிட மோசமானது தொடர்புப் படிவம். வாடிக்கையாளர் பெயரையும் தேவையையும் நிரப்பி அனுப்புகிறார். ‘நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்’ என்று திரையில் வருகிறது. அந்தக் கடிதம் யாரும் திறக்காத ஓர் அஞ்சல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உங்களிடமிருந்து பதில் வராததால் அவர் வேறு இடம் போய்விடுகிறார். அப்படி ஒருவர் வந்ததே உங்களுக்குத் தெரியாது. இன்று இரவே உங்கள் படிவத்தில் நீங்களே ஒரு வரி எழுதி அனுப்பிப் பாருங்கள்.

பூட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 ஜூலை முதல், பூட்டு இல்லாத தளங்களைக் கூகுள் குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிப் பட்டையிலேயே காட்டுகிறது. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகிறது. காசில்லை என்று இதில் யாரும் காரணம் சொல்ல முடியாது.

என் தாயார் அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: ‘கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் அறியார்.’ இணையதளம் வைத்திருக்கும் நம்மில் பலரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. முகப்புப் படம் நீலமா பச்சையா என்று மூன்று வாரம் விவாதிக்கிறோம். அந்தத் தளத்தின் பெயர், அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்பதில்லை. இதுதான் நான் சொல்ல வந்த ஐந்தாவது பிழை.

எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர். தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர், உதிரிபாகமும் விற்பவர். எந்த இயந்திரத்துக்கு எந்த பாபின், எந்த ஷட்டில் என்று ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணிமேல் வைத்துப் படம் பிடித்து, பதினொரு வருடமாகத் தளத்தில் சேர்த்து வந்தார். எங்கெங்கோ இருந்தெல்லாம் அதைப் பார்த்து ஆர்டர் வரும். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் தெரிந்த வீட்டுப் பையன். நல்ல பையன், அவன்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலிலேயே டொமைனைப் பதிவு செய்துவிட்டான். அந்தப் பதிவைப் புதுப்பிக்க வருடா வருடம் அவன் சொல்லும் தொகையை நண்பர் கொடுத்துவிடுவார். பிறகு அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, எண் மாறியது, அந்த மின்னஞ்சலையும் அவன் பார்ப்பதை விட்டுவிட்டான்.

ஒரு திங்கட்கிழமை தளம் திறக்கவில்லை. இணைய இணைப்பில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் காத்திருந்தார். மூன்றாம் நாள், டொமைனைப் பதிவு செய்து தரும் பதிவு நிறுவனத்தை அழைத்தார். ‘இந்தக் கணக்கு உங்கள் பெயரில் இல்லை, எதுவும் சொல்வதற்கில்லை’ என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, பதிவின் காலக்கெடு முடியும் முன் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது ஒன்று, ஒரு வாரம் இருக்கும்போது ஒன்று, முடிந்த ஐந்து நாட்களுக்குள் ஒன்று என்று பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. மூன்றும் போயிருக்கும், யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்கு. பெயர் நீக்கப்பட்ட பிறகும் முப்பது நாள் மீட்டுக்கொள்ளலாம். அந்த உரிமையும் பதிவுதாரருக்குத்தான். பையனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அந்த முப்பது நாளும் ஓடிவிட்டது.

அதன்பின் யாரோ அந்தப் பெயரை வாங்கினார்கள். பாபின் படங்கள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம். பழைய வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, ‘என்ன அண்ணே, தொழிலை மாற்றிவிட்டீர்களா?’ என்று கேட்டாராம். அன்று மாலை நான் போனபோது, பில் புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டிருந்த முகவரியின்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். இயந்திர எண்ணெய் படிந்த கட்டைவிரல். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் கறுப்பாக ஒரு ரேகை பதிந்தது. துடைத்துவிட்டு ஒட்டுங்கள் என்றேன். அவர் பேசவில்லை.

தளத்தோடு முடிந்ததா? அவருடைய மின்னஞ்சலும் அதே பெயரில்தான் இருந்தது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் அந்த முகவரிக்குத்தான் வரும். பெயர் இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் அந்தக் கடிதங்களைத் தாமே பெற்றுக்கொள்ள முடியும். மேலாளர் ஐயா தலையசைக்கிறார், அவருக்கு இதன் ஆபத்து புரிகிறது. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் அறியார்!

சிறியவர்களுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ண வேண்டாம். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, தன் ஹாட்மெயில் மின்னஞ்சலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயில் பயனர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு நிரலாளர் கட்டணத்தைக் கட்டிச் சரிசெய்தார். நமக்கு அப்படி ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

‘டொமைனே வேண்டாம், இலவசப் பக்கம் போதும்’ என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுதொழில்களுக்காகக் கூகுள் இலவசமாகக் கொடுத்த வணிகத் தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. பிறர் இடத்தில் கட்டியதைப் பிறர் இடித்துவிடலாம். பெயர் உங்களுடையதாக இருந்தால், தளத்தை வேறொரு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றினாலும் முகவரி மாறாது.

ஆகவே நண்பர்களே, பதிவு நிறுவனத்தின் கணக்கை உங்கள் கையால் ஒரு முறை திறந்து பாருங்கள். பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்க வேண்டும். அங்கே கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் மீட்பு வழியும் அதோடு போய்விடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள், அதற்குக் கொடுத்த வங்கி அட்டை காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். டாட் காம் பெயரை ஒரே முறையில் பத்து வருடம் வரை பதிவு செய்யலாம். அமைத்துக் கொடுத்தவரிடம் சண்டை வேண்டாம், மரியாதையாகக் கேட்டாலே பெரும்பாலானோர் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

கைப்பேசிப் பக்கம், காப்பு நகல் இரண்டையும் பேச நேரமில்லை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால் ஒரு தீர்மானத்தை முன்மொழியாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்: ‘உறுப்பினர் எவர் இணையதளம் அமைக்கக் கொடுத்தாலும், டொமைன் வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவு செய்யப்படும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அந்த வரி இல்லாமல் முன்பணம் கொடுப்பதில்லை.’ தணிக்கையாளர் அம்மையார் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார். வாசல் பக்கத்து மேசையில் இரண்டு தம்பிகள் கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தளத்தின் பெயரைச் சொல்லுங்கள், கணக்கைத் திறந்து பார்க்க உதவுவார்கள். தேநீருக்கு முன் அங்கே போங்கள். தலைவர் ஐயா அவர்கள் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.