ஞாயிறு பள்ளியா, குடும்ப ஜெபமா?

நடுவர் அவர்களே, பெங்களூர் தமிழ்ச் சபையாரே! பிள்ளைகள் மனதில் வேதத்தைப் பதியவைப்பது சபையில் வாரம் ஒருமுறை நடக்கும் ஞாயிறு பள்ளி அல்ல, வீட்டார் சேர்ந்து வேதம் வாசித்து ஜெபிக்கும் குடும்ப ஜெபமே என்று பேச வந்திருக்கிறேன்.

ஞாயிறு பள்ளியில் பாடத்திட்டம் உண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டு என்றார் எதிரணித் தலைவர். யார் இல்லையென்றது? ஆனால் ஒரு மணி நேரத்தில் பாட்டு, வருகைப் பதிவு, காணிக்கை எல்லாம் போக பாடத்துக்கு என்ன மிஞ்சும்? மாரத்தான் என்று ரோட்டை மூடினால் அதுவும் போச்சு. வீட்டில் தினம் கால் மணி, வாரம் ஐந்து நாள் என்றால் 75 நிமிடம்!

1780-இல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி நடத்தியது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்க. பெற்றோர் வேலையைக் கான்ட்ராக்ட் எடுக்க அல்ல. 1529-இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் கேள்வி-பதிலாக எழுதிய விசுவாசப் பாட நூலான சிறிய ஞானோபதேசத்தைப் பாருங்கள்: வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதைக் கற்பிக்கவேண்டும் என்று பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே போட்டிருக்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழுக்கும் கொண்டுவந்தார்.

"அப்பாக்களுக்கே வேதம் தெரியாதே" என்று கைதட்டல் வாங்கினார் அடுத்தவர். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர் ஐயா, அப்போஸ்தலர் 16:1! பாட்டி லோவிசாளும் அம்மா ஐனிக்கேயாளும் பிள்ளைக்கு வேதத்தைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டார்களா?

பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராது என்பதுதான் நியாயமான கேள்வி. இங்கே பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தானே. மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள். தினம் பன்னிரண்டு வசனம், மூன்று மாதத்தில் முடியும். பெரியவர் வரியில் விரல் வைத்து வாசிக்க, பிள்ளை பின்னாலேயே சொல்லட்டும். கடைசி வசனத்தை மட்டும் அதுவே எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். திணறினாலும் நீங்கள் முந்தாதீர்கள். பிறகு ஒரே கேள்வி: இயேசு இங்கே என்ன செய்தார்?

எங்கே கெடுகிறது? ஜனவரி 1-ஆம் தேதி வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம், தினம் இரண்டு அதிகாரம் என்று கிளம்புவார்கள். பிப்ரவரி நடுவில் லேவியராகமம் வரும், பலிமுறைகளோடு வாசிப்பும் நின்றுவிடும். இன்னொன்று அப்பாவின் ஜெபம். உலக நாடுகளையெல்லாம் சுற்றி வந்தால் பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? மூன்று நிமிஷம் போதும். பரீட்சை மாதத்தில் வசனத்தை ஐந்தாகக் குறையுங்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்குவது பெரும்பாடு.

வீட்டில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால்? பிள்ளை முதல் நற்கருணைக்கு ஆயத்தமாகும் திடப்படுத்தல் வகுப்பில் போதகர் கேட்பாரே, அங்கே திருத்தட்டும். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, இறங்குகிறேன்.