கிழக்குக் கடற்கரைச் சாலைத் தேநீர்க் கடையில் கேட்ட சைக்கிள் கேள்விகள்

வணக்கம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சைக்கிளில் செல்பவர்களை முட்டுக்காடு, கோவளம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலைக்கவசத்தைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கும் சிறிது நேரத்துக்குள், ஒருவர் தம் முழங்கால் வலியைச் சொல்வார், இன்னொருவர் டயரைப் பற்றிக் கேட்பார், அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனால் மேலாளர் என்ன நினைப்பாரோ என்று வேறொருவர் கவலைப்படுவார். அங்கே அடிக்கடி காதில் விழும் கேள்விகளைப் பற்றித்தான் இன்றைய காணொளியில் பேசப் போகிறேன்.

அங்கே கேள்விக்கும் பஞ்சமில்லை, பதிலுக்கும் பஞ்சமில்லை, எதிர்க்கேள்விக்குத்தான் பஞ்சம். "அண்ணா, வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்று ஓர் இளைஞர் வாயெடுத்தவுடன், செயினை மாற்று, பேரிங் போயிருக்கும், சக்கரத்தையே மாற்று என்று சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு செலவை அவர் தலையில் கட்டுகிறார்கள். எந்தத் திசையில் போகும்போது இழுக்கவில்லை என்று கேட்டிருந்தால், மாமல்லபுரம் போகும்போது பறந்து போனதாகவும் திரும்பும்போதுதான் கால் நகரவில்லை என்றும் அவரே சொல்லியிருப்பார். ஐப்பசியிலிருந்து தை வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று, தெற்கே போகிறவரை முதுகில் தள்ளும், திரும்பி வருகிறவரை நெஞ்சில் தடுக்கும். அதற்குப் பேரிங் என்ன செய்யும்?

அதிகமாக வரும் கேள்வி பஞ்சர் பற்றியது. "போன வாரம்தான் ஒட்டினேன், மறுபடியும் காற்று இறங்கிவிட்டது, டியூப் சரியில்லையா?" என்று கேட்பார்கள். இதோ, ஒரு பழைய டியூபைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். இந்த இடத்தில் பாம்பு கடித்ததைப் போல இரண்டு சிறு வெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். இது முள்ளால் வந்ததன்று. காற்றுக் குறைவாக இருந்த சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது, டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கியதால் வந்தது. காற்றின் அளவைச் சரியாக வைக்காதவரை எத்தனை டியூப் மாற்றினாலும் இது திரும்ப வரும். இந்த இன்னொரு டியூபில் ஓட்டை உட்பக்கத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில் இருக்கிறது. ரிம்மில் ஒட்டியிருக்க வேண்டிய பட்டை விலகி, ஸ்போக்ஸ் கம்பியின் முனையோ அதற்கான துளையின் விளிம்போ டியூபைக் குத்தியிருக்கிறது. ஓட்டை வெளிப்பக்கத்தில், ஒற்றையாக இருந்தால் மட்டுமே முள்ளையோ கண்ணாடித் துண்டையோ டயரில் தேட வேண்டும்.

அப்படித் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. டயரை மாட்டும்போதே அதன் மேல் அச்சிட்டிருக்கும் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிவிடுங்கள். பஞ்சரானால் டியூபில் வால்விலிருந்து ஓட்டை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, டயரிலும் அந்தப் பெயரிலிருந்து அதே தூரத்தில் பார்த்தால் போதும். எந்தத் திசையில் அளப்பது என்பதில் குழப்பம் இருந்தால் இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள். டயரின் உட்புறத்தில் வெறும் விரலைத் தேய்க்காமல் ஒரு பழைய துணியை ஓட்டுங்கள். வேலிக்காத்தான் முள்ளின் நுனி துணியில் சிக்கும், விரலும் பிழைக்கும். வீட்டில் இருக்கும் பழைய கறுப்பு நிறச் சைக்கிளில் காற்று நிற்கவில்லை என்றால், டியூபைக் கழற்றுவதற்கு முன்னால் வால்டியூபைப் பாருங்கள். அந்தச் சிறிய ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருந்தால், ஓட்டையே இல்லாத டியூபிலும் காற்று நிற்காது.

அடுத்த கேள்வியில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். "26 அங்குல டயர் வாங்கினேன், ரிம்மில் ஏறவில்லை, போலியா?" போலி அன்று. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு அளவுகள் உண்டு. மலைச் சைக்கிள் வகையில் 26 x 1.95 என்று எழுதியிருக்கும் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். பெண்கள் ஓட்டும் பழைய சைக்கிள்களில் வரும் 26 x 1⅜ டயருக்கோ 590 மில்லிமீட்டர். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வேறுபாட்டை எந்த மெக்கானிக்காலும் இழுத்துச் சரிசெய்ய முடியாது. பழைய கறுப்புச் சைக்கிளின் 28 x 1½ டயருக்கு 635, சாலைச் சைக்கிளின் 700சி டயருக்கு 622. இதில் வேடிக்கை என்னவென்றால், 29 அங்குலம் என்று விற்கப்படும் மலைச் சைக்கிள் டயருக்கும் அதே 622தான். எனவே அங்குலக் கணக்கை மறந்துவிட்டு, டயரின் பக்கச் சுவரில் 50-559, 37-590, 28-622 என்று இருக்கும் எண்களைப் பாருங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது எண் விட்டம். அந்த இரண்டாவது எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வாக்குவாதமே வராது.

முழங்கால் வலிக்கு வருகிறேன். வலி முழங்காலின் முன்பக்கத்திலா, பின்பக்கத்திலா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கும். நம் ஊரில் பெரும்பாலானவர்களின் சீட் தாழ்வாகவே இருக்கிறது. உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் தரையில் முழுமையாக ஊன்ற வேண்டும் என்று சிறு வயதில் சொல்லிக்கொடுத்ததை நாம் விடுவதில்லை. பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்பக்கமாக இறங்கிக் காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டுமே தவிர, தேநீர்க் கடையில் இன்னொரு யோசனையைக் கேட்கக் கூடாது.

செயினை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்குக் கிலோமீட்டர் கணக்கில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கடற்காற்றின் உப்பும் மணலும் படும் செயினும், உள்ளூர்த் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் செயினும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஓர் இரும்பு அளவுகோல் போதும். செயினின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 ஆணிகள் தள்ளி இருக்கும் ஆணியின் நடுவரை அளந்தால், புதிய செயினில் சரியாக 12 அங்குலம் வரும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றிவிடலாம். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால், பின்சக்கரத்துப் பற்களும் தேய்ந்து, செலவு இரட்டிப்பாகும். எண்ணெயைப் பொறுத்தவரை, அது செயினின் உள்ளேதான் வேண்டும்; வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்.

இனி அலுவலகம். சென்னையில் வியர்க்காமல் சைக்கிளில் போக வழி உண்டா என்றால், சித்திரையில் சைக்கிள் இல்லாமலும் வியர்க்காமல் போக வழியில்லை. ஆனால் முதுகுப் பையைத் தவிர்த்தாலே பாதி வியர்வை குறையும். கேரியரில் பையைக் கட்டுங்கள். சாப்பாட்டு டப்பாவும் அதில் கவிழாமல் உட்காரும். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பி, கடைசிக் கொஞ்ச தூரத்தை மெதுவாக ஓட்டி, போய்ச் சேர்ந்தவுடன் சட்டையை மாற்றாமல் சற்று நேரம் மின்விசிறியின் கீழ் நின்றுவிட்டு மாற்றுங்கள். அவசரப்பட்டு மாற்றினால் புதிய சட்டையும் நனைந்துவிடும். துப்பட்டா செயினில் சிக்குகிறதே என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், முழுச் செயின் கவர் உள்ள வண்டியை வாங்குங்கள். அன்றாடப் போக்குவரத்துக்கு அதுவே வசதி. நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, வண்டியை உங்களுக்கும் அதற்கும் நடுவே வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

கடைசியாக, "200 கிலோமீட்டர் பிரெவே என்னால் முடியுமா?" என்ற கேள்வி. பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம். அது பந்தயமன்று; யார் முதலில் வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதாவது சாப்பிடுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாவற்றையும் சேர்த்து மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வந்தால் போதும். 300 கிலோமீட்டருக்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. இவற்றை ஒரே பருவத்தில் முடித்தவர்கள்தான், பிரான்சில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய அது, இன்று 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பயணமாக இருக்கிறது. மாமல்லபுரம் போய்த் திரும்பியும் மறுநாள் இயல்பாக வேலைக்குப் போக முடிகிறவர், சில மாதப் பயிற்சியில் 200ஐத் தொட்டுவிடலாம்.

கிளம்புவதற்கு முன் பின்விளக்கைப் பாருங்கள். சீட்டுக்குக் கீழே விளக்கைக் கட்டிவிட்டு, அதன் மேலேயே பெரிய பையைத் தொங்கவிடுகிறவர்கள் நிறைய. பை விளக்கை மறைப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு விளக்கே தெரியாது. விளக்கைக் கழற்றிப் பையின் பின்பக்கத்துக்கு மாற்றிக் கட்டுங்கள். பிறகு நண்பரை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீங்களே பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள்.