“அம்மா ‘மயக்கம்’னு சொன்னா என்ன அர்த்தம்?” – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு வாசகர் கேட்டிருக்கார். “எங்க அம்மாவுக்கு 64 வயசு. பிரஷர், சுகர் ரெண்டும் இருக்கு. எதுக்கெடுத்தாலும் ‘மயக்கமா இருக்கு’ன்னுதான் சொல்றாங்க. ஒரு டாக்டர் காதுன்னு மாத்திரை கொடுத்தார், இன்னொருத்தர் ரத்தசோகைன்னார். அவங்க சொல்றத நாங்க எப்படிப் புரிஞ்சுக்கறது?”

ரொம்ப முக்கியமான கேள்வி இது. மயக்கம்ங்கிற ஒரே சொல்லை வச்சு நம்ம ஊர்ல நாலஞ்சு விஷயத்தைச் சொல்றோம். வீடே சுத்துறதும் மயக்கம், எழுந்திருச்சதும் கண்ணு இருட்டிக்கிட்டு வர்றதும் மயக்கம். நினைவு தப்பி விழறது, நடக்கறப்ப தள்ளாடுறது, வெறும் அசதி, எல்லாத்துக்கும் அதே சொல்தான். உங்க அம்மாவுக்கு இதுல ஒண்ணு பழகியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வேற ஒண்ணு. தப்பா சொல்றாங்கன்னு நினைக்காதீங்க. அவங்க சொல்லுக்கு அவங்க அர்த்தம் இருக்கு, அதை நாம கேட்டு வாங்கணும்.

எப்படிக் கேக்கறதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. “சுத்துதா?”ன்னு கேக்காதீங்க. கேட்டா “ஆமா”ம்பாங்க. “இருட்டுதா?”ன்னா அதுக்கும் “ஆமா”தான். 1972-ல ட்ராக்மேன், ஹார்ட்னு ரெண்டு மருத்துவர்கள் தலைசுத்தலை நாலு வகையா பிரிச்சாங்க, நோயாளி சொல்ற விதத்தை வச்சு. ரொம்ப வருஷம் அதுதான் நடைமுறை. 2007-ல வந்த ஒரு ஆய்வுல, அதே கேள்வியை வரிசை மாத்தி சில நிமிஷத்துல திரும்பக் கேட்டப்ப, பாதிப் பேருக்கு மேல வேற வகையைச் சொன்னாங்க. ஆனா எவ்வளவு நேரம் இருக்கு, என்ன செஞ்சா வருதுன்னு கேட்டதுக்குக் கிடைச்ச பதில் அந்த அளவுக்கு மாறலை. அதனால “எப்படி இருக்கு”ங்கிறதை விட்டுட்டு, “அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க”ன்னு ஆரம்பிங்க.

விடியக்காலம் படுக்கையில வலது பக்கம் புரண்டதும், ஃபேனோட சேர்ந்து சுவரும் சுத்துதுன்னு வைங்க. அசையாம இருந்தா ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடுது. அப்ப உள்காதுல இருக்கிற நுண்ணிய சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இதுக்கு மாத்திரை பெரிசா உதவாது. தலையை ஒரு முறைப்படி திருப்பி, துகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோற சிகிச்சை இருக்கு, காது டாக்டர் செய்வார். இங்க ஒரு சிக்கல் வரும். சுத்துறது நின்னாலும் குமட்டலும் மிதக்கிற மாதிரி உணர்வும் சில மணி நேரம் இருக்கும். அம்மா அதையும் சேர்த்து “காலையிலேர்ந்து மயக்கம்”பாங்க. அதனால “நான் அறுபது எண்ணுறதுக்குள்ள சுத்துறது நின்னுச்சா?”ன்னு கேளுங்க. “ரொம்ப நேரம்”ங்கிறதும் ஆளுக்கு ஆள் மாறுற சொல்தானே.

உக்காந்து எழுந்தா மட்டும் வருதா? வீட்டுல பிரஷர் மிஷின் இருந்தா, அஞ்சு நிமிஷம் படுக்க வச்சுப் பாருங்க. அப்புறம் நிக்க வச்சு, ஒரு நிமிஷத்துல ஒரு தடவை, மூணாவது நிமிஷத்துல ஒரு தடவை. பக்கத்துல பிடிச்சுக்க ஆள் இருக்கணும். மேல் அளவு 20, இல்ல கீழ் அளவு 10 இறங்கினா அதை எழுதிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. பிரஷர் மாத்திரை கூடிப்போறது, தண்ணி குறையறது, நாள்பட்ட சுகர், எல்லாமே காரணமாகலாம். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

சாப்பாடு தள்ளிப்போனா வியர்வை, கை நடுக்கத்தோட வருதா? உடனே சுகர் பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. முழு நினைவு இல்லைன்னா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

நேரம், காரணம் எதுவும் இல்லாம நாள் முழுக்க மயக்கம்னா, அது பெரும்பாலும் அசதி. ரத்தசோகை, தூக்கம் கெடறது, மனச்சோர்வு, இங்க தேடணும். மனசு கஷ்டத்தைச் சொல்லக்கூட நிறைய அம்மாக்கள்கிட்ட இருக்கிற ஒரே சொல் இதுதான். அதைப் பொறுமையா கேளுங்க.

ஒரு வாரம் காலண்டர் தாள்ல தேதி, மணி, என்ன செஞ்சப்ப, எவ்வளவு நேரம்னு குறிச்சு வைங்க. அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க. நீங்களா ‘வெர்டிகோ’ன்னு (தலைசுத்தலுக்கு டாக்டர்கள் சொல்ற பேர்) மாத்தி எழுதினா டாக்டர் காதை மட்டும்தான் பாப்பார்.

ஆனா திடீர்னு மயக்கத்தோட பேச்சு குழறுது, பார்வை ரெண்டா தெரியுது, ஒரு பக்கம் கை கால் விழுந்திடுச்சு, நிக்கவே முடியலைன்னா அது பக்கவாதமா இருக்கலாம். குறிப்பெல்லாம் வேண்டாம், 108-க்கு போன் போடுங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு மட்டும் நினைவு வச்சுக்கோங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை வழக்கமா முதல் நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், ஆஸ்பத்திரியில முதல்ல அதைத்தான் கேப்பாங்க.