சுவர் இருந்தால்தான் சித்திரம்

அவைத்தலைவர் அவர்களே, என்னைப் பேச அழைத்த செயலாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த இசைக்கலைஞர்களே, ஒலிக்கலவை மேசையில் அமர்ந்திருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலியமைப்பாளர்களை மேடைகளில் யாரும் விளிப்பதில்லை. இன்றைய பேச்சே அவர்களைப் பற்றியது என்பதால் விளித்தேன்.

ஒற்றைக் கிதாருடன் பாடிவந்த ஒருவர் முழு இசைக்குழுவோடு பாடத் தொடங்கும்போது பாட்டின் சொல், பாடுபவரின் மூச்சு, கேட்பவரின் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் மாறுகின்றன. சொல்லிலிருந்து தொடங்குகிறேன், பாட்டுக்குச் சொல்லே சுவர், சுவர் இருந்தால்தான் சித்திரம்.

1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் நாட்டுப்புறப் பாடகராகப் புகழ்பெற்றிருந்த பாப் டிலன் மின்கிதாருடன் மேடையேறினார். அருகில் மைக் புளூம்ஃபீல்டின் கிதார், அல் கூப்பரின் ஆர்கன், அவற்றோடு பேஸ், டிரம்ஸ். இரண்டே ஆண்டுகளுக்கு முன் அதே விழாவில் மரக்கிதாரும் ஹார்மோனிகாவுமாக நின்றவரை மனத்தில் வைத்திருந்த கூட்டம் அது. மூன்று பாடல்களோடு குழு இறங்கிவிட, கரவொலியும் கூச்சலும் கலந்தெழுந்தன. பிறகு டிலன் மரக்கிதாரோடு தனியே திரும்பி வந்து இரண்டு பாடல்கள் பாடினார். மின்னிசையையே கூட்டம் வெறுத்தது என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால், பட்டர்ஃபீல்ட் புளூஸ் குழு அதே விழாவில் மின்கருவிகளோடு வாசித்திருந்தது. அன்று கொதித்துப்போன முதுபெரும் பாடகர் பீட் சீகரோ, தம் கோபம் மின்கிதாரின் மீதன்று, சொற்கள் விளங்காதபடி சிதைந்த ஒலியின் மீதுதான் என்றே பின்னாளில் விளக்கினார். அவர் சொன்னதையே நான் நம்புகிறேன். சுவர் மறைந்த பின் சித்திரத்தை எங்கே தேடுவது?

சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேலேதான் இருக்கிறது. மின்கிதாரும் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலும் முழங்குவதும் அங்கேதான். பாடகர் தம் குரலைத் தாமே கேட்க உதவும் மானிட்டர் ஒலிபெருக்கிகள் 1965இல் பரவலாகவில்லை. இன்று அவை இருந்தும், முதன்முறையாகக் குழுவோடு வரும் பாடகரை ஒலிச்சோதனையே இல்லாமல் மேடையேற்றும் விழாக்களை நான் நேரில் கண்டிருக்கிறேன், நெஞ்சு பதைக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு விழா ஒப்பந்தத்திலும் குழுவுக்கு 30 நிமிட ஒலிச்சோதனை என்று எழுத்தில் இடம்பெற வேண்டும் எனக் கோரும் படிவத்தை வாயிலருகே வைத்திருக்கிறோம். அவைத்தலைவர் அவர்கள் முதல் கையொப்பமிட்டுத் தொடங்கிவைக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.