துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் வரவும்

நேயர்களுக்கு வணக்கம்.

கௌபாய் என்றதும் நமக்கெல்லாம் ஒரே காட்சிதான் மனதில் வரும். புழுதி பறக்கும் தெரு, எதிரெதிரே இரண்டு பேர், இடுப்பில் துப்பாக்கி, யார் கை முந்துகிறது என்று ஊரே ஒளிந்து நின்று பார்க்கிறது. தமிழில் கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு வீடும் அத்துபடி. அப்படி ஒரு நிஜமான ஊரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருக்கும் டாட்ஜ் சிட்டி. ஆனால் அங்கே யார் வேகமாகச் சுட்டார்கள் என்பதைச் சொல்ல வரவில்லை. அந்த ஊரில் சட்டம் எப்படி வந்தது, யாருக்காக வந்தது, யாரிடம் வந்ததும் நின்றுவிட்டது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1872-ல் சான்டா ஃபே ரயில் பாதை அந்தப் புல்வெளியை எட்டியபோது பிறந்த ஊர் அது. சில மைல் தூரத்தில் ஃபோர்ட் டாட்ஜ் என்ற ராணுவ முகாம் இருந்தது. முதலில் அங்கே மாட்டு வியாபாரம் கிடையாது, காட்டெருமைத் தோல் வியாபாரம்தான். தோல் மலைபோலக் குவிந்தது, பணமும் சாராயமும் கூடவே வந்தன. ஆனால் ஊருக்கு மேயர் இல்லை, நீதிமன்றம் இல்லை, காவலர் இல்லை. தட்டிக் கேட்க யாரும் இல்லாத இடத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது. முதல் ஆண்டில் கொலைக்கு மேல் கொலை விழுந்தது.

சரி, நாமே கேட்போம் என்று ஊரில் சிலர் ஒரு காவல் குழு அமைத்தார்கள். நாமே நீதிபதி, நாமே தண்டனை கொடுப்பவர் என்கிற குழு. 1873 ஜூனில் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே வில்லியம் டெய்லர் என்ற கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். முகாமின் தளபதி கர்னல் டாட்ஜிடம் வேலை பார்த்த மனிதர் அவர். தளபதி சும்மா இருக்கவில்லை. ஆளுநரின் அனுமதி வாங்கி, சிப்பாய்களை ஊருக்குள் அனுப்பி, சம்பந்தப்பட்டவர்களைப் பிடித்தார். அதே மாதத்தில்தான் அந்த மாவட்டத்துக்கு முதல் ஷெரிஃப்பாக, அதாவது மாவட்டக் காவல் தலைவராக, சார்லி பாசெட் தேர்ந்தெடுக்கப்பட்டார். குற்றவாளிகளை ஒழிக்கத் திரண்ட கூட்டமே கொலைகாரக் கூட்டமாக மாற ஓர் ஆண்டு கூடப் பிடிக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமை அழிந்தது, மாடு வந்தது. டெக்சாஸிலிருந்து மந்தைகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு மந்தையில் இரண்டாயிரம் மாடுகளுக்குக் குறையாது, ஓட்டிவருவது பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். இரண்டு மூன்று மாதம் வெயில், மழை, ஆறு, புழுதி. ஊர் வந்து சேர்ந்து, மாடுகளை விற்று ரயிலில் ஏற்றிவிட்டால் மொத்தச் சம்பளமும் கைக்கு வரும். குளிக்க வேண்டும், முடி வெட்ட வேண்டும், புதுத் துணி, அப்புறம் குடி, சூதாட்டம். சில நாளில் அத்தனை காசும் கரைந்துவிடும்.

நம் ஊர்ப்பக்கம் மாட்டுச் சந்தை கூடும் ஊர்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும், வெளியூர்க்காரர் கொண்டுவரும் காசில்தான் கடைக்காரர் வண்டி ஓடும். அவர்களை விரட்டவும் முடியாது, அவர்கள் இஷ்டத்துக்கு விடவும் முடியாது. டாட்ஜ் சிட்டியின் சட்டம் முழுக்க இந்த இக்கட்டிலிருந்து பிறந்தது. சட்டம் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், மதுக்கடை முதலாளிகளும் பலசரக்கு வியாபாரிகளும்தான்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம், ஊருக்குள் துப்பாக்கிக்குத் தடை. ஆமாம், நாம் துப்பாக்கிக்குப் பேர் போன ஊர் என்று நினைக்கிற அதே டாட்ஜ் சிட்டியில்தான். ரயில் பாதைதான் எல்லைக்கோடு. வடக்குப் பக்கம் கடைவீதி, அங்கே துப்பாக்கியுடன் நடமாடக் கூடாது. வந்தவுடன் கடையிலோ விடுதியிலோ ஒப்படைத்துவிட வேண்டும், ஊரை விட்டுப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். 1870-களின் கடைசியில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. முன்வீதி நடுவே கிணற்றடி, அதன் மேல் பெரிய பலகை. துப்பாக்கி ஏந்துவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது என்று எழுதியிருக்கிறது. அதோடு சேர்த்து ஒரு கசப்பு மருந்துக்கு விளம்பரமும் இருக்கிறது. நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். சட்டமும் வியாபாரமும் ஒரே பலகையில் நிற்பது அதில் அப்படியே தெரியும்.

பலகை வைப்பது சுலபம், துப்பாக்கியை வாங்குவது சுலபமில்லை. 1878 ஏப்ரலில் ஊர் மார்ஷல், அதாவது ஊர்க் காவல் தலைவர், எட் மாஸ்டர்சன், ஜாக் வாக்னர் என்ற போதையேறிய கௌபாயிடமிருந்து துப்பாக்கியைப் பறித்து, அவருடைய மேலாள் வாக்கரிடம் கொடுத்தார். கைது செய்யவில்லை, அடிக்கவில்லை, பொறுப்பானவரிடம் கொடுத்தால் போதும் என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வாக்னரிடம் மறுபடியும் துப்பாக்கி. மறுபடியும் பறிக்கப் போனார். கைகலப்பில் வாக்னர் எட்டின் வயிற்றோடு வைத்துச் சுட்டதில் எட்டின் சட்டையே தீப்பிடித்தது. அப்படியே ரயில் பாதையைத் தாண்டி நடந்து ஒரு மதுக்கடைக்குள் போய் விழுந்தார். வயது 25. மென்மையாக நடந்துகொண்டதால் உயிரை விட்ட காவலர் அவர். துப்பாக்கி வீரர்கள் பட்டியலில் அவர் பெயரை யாரும் முதலில் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

இத்தனைக்கும் கொலை எத்தனை? கான்சாஸின் ஐந்து மாட்டு நகரங்களான அபிலீன், எல்ஸ்வொர்த், விச்சிட்டா, டாட்ஜ் சிட்டி, கால்ட்வெல் ஆகியவற்றில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை ஒரு வரலாற்றாசிரியர் எண்ணிப் பார்த்தார். எல்லாம் சேர்த்து 45. டாட்ஜில் மிக மோசமான ஆண்டு 1878, அந்த ஆண்டில் ஐந்து. காட்டெருமைக் காலத்துக் கொலைகள் இந்தக் கணக்கில் இல்லை. ஊரின் மக்கள்தொகையே சுமார் ஆயிரம்தான் என்பதால் ஐந்தும் சின்ன எண் இல்லை. ஆனால் தினமும் பிணம் விழுந்த ஊர் என்ற பேச்சு உண்மையில்லை.

அந்த ஐந்தில் ஒன்றுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கு. டோரா ஹேண்ட் என்ற பாடகியின் கொலை. ஃபேனி கீனன் என்ற பெயரிலும் மேடையேறியவர்.

ஜேம்ஸ் கெனடி என்று ஓர் இளைஞர். டெக்சாஸின் பெரும் பண்ணையார் மிஃப்ளின் கெனடியின் மகன். பெரிய இடத்துப் பிள்ளை. அந்தக் கோடையில் துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஒருமுறையும், ரகளை செய்ததற்காக இன்னொரு முறையும் கைதானவர். மேயர் ஜேம்ஸ் கெல்லிக்கும் இவருக்கும் மதுக்கடையில் தகராறு. அந்தக் கடையில் மேயருக்கும் பங்கு உண்டு. கெனடி கோபத்தோடு ஊரை விட்டுப் போனார். 1878 அக்டோபர் 4, விடிவதற்கு முன், மேயர் வீட்டின் மீது குண்டுகள் பாய்ந்தன. மேயர் அங்கே இல்லை, ஃபோர்ட் டாட்ஜ் மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் இரண்டு பெண்கள் தங்கியிருந்தார்கள். ஒரு குண்டு முன்னறையில் படுத்திருந்தவரைத் தொடாமல் போய், தடுப்புச் சுவரைத் துளைத்து, பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்த டோராவைக் கொன்றது.

சந்தேகம் உடனே கெனடி மேல் விழுந்தது. ஷெரிஃப் பேட் மாஸ்டர்சன் (சில மாதம் முன்பு செத்த எட்டின் தம்பி), வயாட் எர்ப், சார்லி பாசெட், பில் டில்மன், வில்லியம் டஃபி ஆகிய ஐந்து பேரும் குதிரையில் கிளம்பினார்கள். ஆலங்கட்டி மழையில் நனைந்துகொண்டே சவாரி செய்து, கெனடியை முந்திக்கொண்டு போய் மீட் சிட்டி என்ற ஊர் அருகே காத்திருந்தார்கள். மறுநாள் வந்தார். நில் என்றார்கள், நிற்கவில்லை. சுட்டதில் அவர் குதிரை செத்தது, அவர் கை சிதைந்தது. உயிரோடு பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இறந்தவர் ஒரு நடனக்கூடப் பாடகி, ஓடியவர் பண்ணையார் மகன், அப்படியிருந்தும் துரத்திப் பிடித்தார்கள். இதுவரைக்கும் அந்தச் சட்டத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்புறம் விசாரணை. ஷெரிஃப் அலுவலகத்தில் நடந்தது. இடம் சின்னது, மக்கள் உள்ளே போக முடியவில்லை. போதிய சாட்சியம் இல்லை என்று கெனடி விடுவிக்கப்பட்டார். என்ன சாட்சியம் வந்தது, எந்த அடிப்படையில் விடுதலை என்பது தங்களுக்குத் தெரியாது என்று உள்ளூர்ப் பத்திரிகையே எழுதியது.

இருட்டில் சுட்டவரைப் பார்த்த சாட்சி இல்லாமல் இருந்திருக்கலாம். சாட்சியம் இல்லையென்றால் விடுவிப்பதுதான் முறை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திறந்த நீதிமன்றத்தில், ஊர் கேட்க, காரணத்தைச் சொல்லி விடுவித்திருக்க வேண்டும். கூலிக்கு மாடு ஓட்டிவந்த பையன் துப்பாக்கி வைத்திருந்தால் பட்டப்பகலில் அபராதம். பண்ணையார் மகன் மேல் கொலைப் பழி என்றால் சின்ன அறைக்குள் விசாரணை. டெக்சாஸ் பண்ணையார்கள் அடுத்த கோடையில் மந்தைகளை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆவது என்ற பயம் அந்த அறைக்குள் இருந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். டோராவுக்காக அந்த ஊரில் யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 1883-ல் மதுக்கடைக்காரர் லூக் ஷார்ட்டை ஊர் நிர்வாகம் வெளியேற்றிய கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் ஆளுநரிடம் முறையிட்டார், நண்பர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார், ஒரு குண்டு கூடச் சுடாமல் சமரசம் ஆனது. இரண்டு வருடம் கழித்து, டெக்சாஸ் மாடுகளிடமிருந்து உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது என்று கான்சாஸ் அரசு தன் எல்லையை அந்த மந்தைகளுக்கு மூடியது. 1885-ஓடு டாட்ஜ் சிட்டியின் மாட்டு வியாபாரம் முடிந்தது. வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.