சுவரைக் கொடுங்கள், சித்திரம் வரும்

(கோவில்பட்டியில் ஒரு நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் உளறியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, வெயிலென்றும் பாராமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெருமக்களே, வர்த்தக சங்கத்து அண்ணாச்சிமார்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டுப் போன தமிழாசிரியர் ஐயா அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் என் தோழிகளே, எல்லோருக்கும் வணக்கம். மைக் செட்டுக்கார அண்ணனைச் சொல்லாமல் விட்டால் சத்தத்தைக் குறைத்துவிடுவார், அவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வை கைத்தறி. அதைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தனியாக ஒரு நன்றி. அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் கறுப்புக் கரை போட்டவருக்குக் கண் இருக்கிறது.

'கலையும் காட்சி வடிவமைப்பும்: ஒரு மாணவியின் அனுபவம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். கோடு, எழுத்து, நிறம். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். என் ஆச்சி இதைச் சாப்பாட்டுக்குச் சொல்வாள், உடம்பு இருந்தால்தானே படிப்பு என்று. நான் இதை நிஜமான சுவருக்கே சொல்கிறேன். இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் நின்று படத்தைப் பற்றிப் பேசும்போது கொண்டைய ராஜு ஐயாவைச் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 1976இல் மறையும் வரை அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி நாடெங்கும் போனார்கள். நம் பாட்டிமார் கும்பிட்ட சாமிக்கு முகம் கொடுத்தது இந்த ஊர். சென்னையில் நான் படிக்கிற ஓவியக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. ராஜு ஐயாவும் அங்கே படித்தவர்தான். ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை எனக்கு அவர் பெயரே தெரியாது. பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கோடு. முதல் வருடத்தில் ஒரு நாற்காலியை நடுவில் வைத்து, "நாற்காலியை வரையாதே, அதன் இடைவெளிகளை மட்டும் வரை" என்றார் ஆசிரியர். கால்களுக்கு நடுவே ஒரு கோணல் சதுரம், முதுகுக் கம்பிகளுக்கு நடுவே ஒல்லியான பட்டைகள், கைப்பிடிக்குக் கீழே ஒரு முக்கோணம். வரைந்து முடித்துத் தலையை நிமிர்த்தினால் தாளில் நாற்காலி உட்கார்ந்திருக்கிறது! அதுவரை நாற்காலி என்றால் இப்படித்தான் என்று மனதில் வைத்திருந்ததை வரைந்துகொண்டிருந்தோம். எதிரே இருப்பதைப் பார்க்கவே இல்லை. கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது, புள்ளிக்கும் இழைக்கும் நடுவில் விடுகிற இடம்தான் அழகு.

சரி, எழுத்துக்கு வருகிறேன். இதற்கு நான் கல்லூரிக்கு நன்றி சொல்வதைவிட நம்மூர் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் மாமாவுக்குத்தான் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்த லீவில் அவருக்கு எடுபிடியாகப் போனேன். பெயிண்ட் டப்பாவைக் கலக்கிக் கொடுப்பது, டர்பன்டைனில் பிரஷ் கழுவுவது, நேர்க்கோடு போட நூல் அடிக்கும்போது ஒரு முனையைப் பிடிப்பது, இவைதான் வேலை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை. பெயர் வேண்டாம், அண்ணாச்சியின் சொந்தக்காரர்கள் இங்கே உட்கார்ந்திருக்கக் கூடும். ஆறடிக்கு மூன்றடி தகரம். அதில் என்ன எழுத வேண்டும் என்று ஒரு முழு வெள்ளைத் தாளில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்தார். மேலே பிள்ளையார் சுழி. குலதெய்வம் துணை. கடைப் பெயர். தாத்தா பெயர், அப்பா பெயர், உரிமையாளர் என்று தன் பெயர், தன் இரண்டு பையன்களின் பெயர். எவர்சில்வர், பித்தளை, அலுமினியம், சீர்வரிசைச் சாமான்கள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். பழைய பாத்திரம் மாற்றித் தரப்படும். பெயர் வெட்டித் தரப்படும். வாடகைக்கும் விடப்படும். இரண்டு போன் நம்பர். ஞாயிறு மதியம் வரை உண்டு. கடைசியில் அடிக்கோடு போட்டு, 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.'

மாமா தாளைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பீடியை அணைத்தார். "அண்ணாச்சி, இப்படி வாங்க" என்று அவரைக் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து எதிரே பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"உங்க கடைக்குப் பக்கத்துக் கடை போர்டுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார். "வாட்ச்..."

"அதுக்குக் கீழ?"

"என்னமோ பொடிசா இருக்கு."

"அவரும் உங்கள மாதிரிதான், ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்தாரு. அவரு சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்."

அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பஸ் ஒன்று வந்து மறைத்துவிட்டுப் போனது. அப்புறம் பேரம் ஆரம்பித்தது. தாத்தா போனார். பையன்கள் போனார்கள். சின்னவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அலுமினியம் போனது. ஞாயிறு மதியம் போனது. கடைசியில் கடைப் பெயரும் 'பாத்திரக் கடை' என்பதும் ஒரு போன் நம்பரும் மிஞ்சின. "சரி ஆர்ட்டிஸ்ட்டு, எல்லாத்தையும் எடுத்துக்க. அந்த வேற கிளை கிடையாதுங்கிறத மட்டும் எடுக்காத" என்றார். மாமா அதைக் கீழ் மூலையில், சுண்டு விரல் உயரத்தில், எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் அண்ணாச்சி மார்க்கெட் பக்கம் கிளை திறந்தார். அந்தப் போர்டையும் மாமாவே எழுதினார். அதிலும் அந்த வரி இருக்கிறது!

(இங்கே கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. தலைவர் ஐயாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.)

எது முதலில் கண்ணில் பட வேண்டும், யார், எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்பதற்குக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தினார்கள். மாமா ஒரு பீடி அணைக்கிற நேரத்தில் நடத்திவிட்டார். அவர் நூல் அடிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு இரண்டு கோடு போதும். தமிழுக்கு மேலே 'கி', 'கீ' சுழிக்க இடம் வேண்டும், கீழே 'கூ', 'ழு' இறங்க இடம் வேண்டும். மாமா நாலு கோடு அடிப்பார். எழுத்தை எண்ணி நடு எழுத்தை முதலில் வைப்பார். துணி சுற்றிய குச்சியைத் தகரத்தில் ஊன்றி அதன் மேல் மணிக்கட்டைச் சாய்த்து ஒரே இழுப்பில் 'ப' போடுவார். இன்று ஃபிளெக்ஸ் கடையில் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் இடித்துக்கொண்டு நிற்கின்றன. கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, வரிகளுக்கு நடுவே இடம் விடு என்று அதற்குச் சொல்ல ஆள் வேண்டும். நம்மூர்ப் பழைய கடலைமிட்டாய் போர்டு எங்காவது மிச்சமிருந்தால் பாருங்கள், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் தும்பிக்கை போல் வளைந்த 'லை' இருக்கும். அதைச் சுரண்டிவிடாதீர்கள், ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். 2010இல் ரூபாய்க்குக் குறியீடு வரைந்த உதயகுமார் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர் என்பது இந்த மேடையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தலைவர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். இன்னும் ஐந்து நிமிடம். நிறம் பிறகு. முக்கியமான விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். நான் படித்த பள்ளியில் கால அட்டவணையில் ஓவியம் இருந்தது, வியாழக்கிழமை கடைசி பீரியட். ஆனால் அந்தப் பீரியடில் கணக்கு சார்தான் வருவார். ஓவிய ஆசிரியர் எங்கே என்றால், ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோல் வெட்டிக்கொண்டிருப்பார், அல்லது சான்றிதழில் பெயர் எழுதிக்கொண்டிருப்பார். அவரிடம் போய்ப் படம் காட்டினால் அவ்வளவு சந்தோஷப்படுவார் மனிதர். கொண்டைய ராஜுவை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். சொல்ல அவருக்குப் பீரியடே இல்லை.

2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். தொகை பிறகு கூடியது. ஆனாலும் மே மாதத்தில் சம்பளம் இல்லை, பணி நிரந்தரம் இல்லை என்று அவர்கள் சென்னைக்கு வந்து ரோட்டில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் கையில் வைத்திருந்த அட்டையின் எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. சண்டைக்குப் போன இடத்திலும் நாலு கோடு அடித்துத்தான் எழுதியிருந்தார்.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் காலத்து ஓவியம்தான் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே போய்ப் பார்க்கிறார். மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம். மேலே ஒரு பூச்சுப் பூசி அதன் மேல் எழுதினார்களே தவிர, சுவரை இடிக்கவில்லை. அதனால்தான் இரண்டும் நமக்கு மிச்சம். நாம் ஓவியப் பீரியடையே இடித்துக்கொண்டிருக்கிறோம், எதன் மேல் எழுதுவது?

ஆகவே மூன்று கோரிக்கை. ஓவிய ஆசிரியர்களை முழு நேரமாகப் போட வேண்டும். ஓவியப் பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது. மூன்றாவது, இந்த நூலகத்தின் காம்பவுண்டுச் சுவர். போன தேர்தலுக்கு 'ரிசர்வ்டு' என்று எழுதிய சுண்ணாம்பு இன்னும் அழியவில்லை. அந்தச் சுவரைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெயிண்டுக்கு வர்த்தக சங்கத்து அண்ணாச்சிமார்கள் மனது வைக்க வேண்டும். நூல் அடிக்க ஆர்ட்டிஸ்ட் மாமா வருவார், கேட்டுவிட்டேன். ஏணி நான் கொண்டுவருகிறேன்.

மனு வாசலில், காபி டிரம் பக்கத்து மேஜையில் இருக்கிறது. பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம், தப்பாக நினைக்காதீர்கள். கையெழுத்தோடு பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெயரையும் எழுதுங்கள். நிறத்தைப் பற்றி யாருக்காவது கேட்க வேண்டுமென்றால் நானும் அங்கேதான் நிற்பேன். நன்றி, வணக்கம்.