மீதி அரையைக் கொடுங்கள்

(செவிலியர் கல்லூரி விளக்கேற்று விழாவில் பேசியது)

தலைமை தாங்கும் தாளாளர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் முதல்வர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, ஒரே வார்டில் என்னோடு இருபது வருடம் நின்ற மேட்ரன் அக்கா அவர்களே, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் பெற்றோர்களே, கையில் விளக்கோடு நிற்கும் தங்கைகளே, தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய மாணவர் தலைவிக்குத் தனியாக ஒரு நன்றி.

‘சுற்றுவழியில் வந்த மருத்துவர்கள்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரைக் குறித்து வைத்திருக்கிறேன். முப்பது வயதில் மருத்துவம் படிக்கப் போன ஆல்பர்ட் சுவைட்சர், வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார், லண்டன் சிசிலி சாண்டர்ஸ். அதற்கு முன் ஒரு பழமொழி. ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன்’ என்றும் அதைச் சொல்கிறார்கள். எது மூலம் என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. எனக்குப் பிடித்தது வேர்தான், பேர் இல்லை.

சிசிலியிலிருந்து தொடங்குகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த பெண். போர் வந்தது. 1940இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நர்ஸிங் சேர்ந்தார். முதுகு வலி விடவில்லை. நோயாளியைத் தூக்கிப் புரட்டும் வேலை இனி முடியாது என்றாகிவிட்டது. இங்கே எத்தனை பேருக்கு அந்த முதுகு வலி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்! சரி, அவர் வார்டை விடவில்லை. மருத்துவமனை சமூகப் பணியாளராகத் திரும்பி வந்தார்.

அங்கே டேவிட் டாஸ்மா என்று ஒரு நோயாளி. போலந்திலிருந்து வந்த யூதர், நாற்பது வயது, புற்றுநோய், பக்கத்தில் சொந்தபந்தம் யாருமில்லை. சிசிலி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். சாகப்போகிறவர்கள் வலியில்லாமல், தனிமையில்லாமல் இருக்க ஒரு வீடு வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிப் பேசியே கட்டினார்கள். 1948இல் அவர் இறந்தபோது 500 பவுண்டு விட்டுப்போனார். ‘உன் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்’ என்றார். யோசித்துப் பாருங்கள், முதலில் ஜன்னல் வந்துவிட்டது. சுவர் வர 19 வருடம் ஆனது!

அந்த வருடங்களில் மாலை நேரத்தில் இன்னொரு மருத்துவமனைக்குத் தொண்டு செய்யப் போனார். அங்கே வலி மருந்தை நோயாளி அலறிய பிறகு கொடுப்பதில்லை. வலி திரும்புவதற்கு முன்பே, கடிகாரம் பார்த்துக் கொடுத்தார்கள். இதைக் கட்டிலோரம் நின்று பார்த்துக் கற்றார். இதுதான் வேர் காண்பது. ஆனால் நர்ஸ் சொன்னால் யார் கேட்பார்கள்? அவரோடு வேலை பார்த்த அறுவை மருத்துவர் ஒருவர், நீ மருத்துவம் படி, சாகிறவர்களைக் கைவிடுவது மருத்துவர்கள்தான் என்றார். 33 வயதில் சேர்ந்து 1957இல் டாக்டரானார். 1967இல் லண்டனில், சாகப்போகிறவர்களுக்கான அந்த வீடு, செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், திறந்தது. அந்த ஜன்னலும் அங்கே வந்தது.

நான் பணியில் இருந்தபோது நான்காம் கட்டிலில் ஓர் அம்மா. வாய்ப்புற்று. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை விரிப்பின் நுனியைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வார். கேஸ் ஷீட்டில் ஊசி ஆறு மணிக்கு என்றுதான் இருந்தது. நேரத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. போன் செய்தேன், ‘ஆறு மணி வரை பாருங்கள்’ என்றார்கள். பார்த்தேன். விரிப்பில் அந்த ஈரம் காயவே இல்லை.

ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்றால், அந்த மீதி அரை எங்கே இருக்கிறது? கல்லூரியில் இருக்கிறது. இன்றைக்கு பத்து வருடம் வார்டு பார்த்த ஒரு நர்ஸ் டாக்டராக நினைத்தால், பிளஸ் டூ புத்தகத்தைத் தூசு தட்டி, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு நீட் எழுதி, முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். அவள் பார்த்த ஆயிரம் இரவுக்கு ஒரு மதிப்பெண் கிடையாது. வயது உச்சவரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள், மகிழ்ச்சி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் தமிழ்நாடு 7.5 சதவீதம் ஒதுக்கியபோது எத்தனை வீட்டில் விளக்கு எரிந்தது! அதே மாதிரி, பணியில் இருக்கும் செவிலியருக்கும் மருத்துவப் படிப்பில் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். இங்கே வந்திருக்கும் ஒன்றியத் தலைவர் அவர்களும், வட்டார மருத்துவ அலுவலர் அவர்களும் இதை மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

சுவைட்சரையும் ஐடா அம்மையாரையும் விட்டுவிட்டேன். ஐடா அம்மையாரை மருத்துவம் படிக்க வைத்த, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த கதையை, மேட்ரன் அக்காவைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். முதல்வர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

பின்வாசல் பக்கம் தண்ணீர் கேன் வைத்த மேஜையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. கோரிக்கை மனு முதல் பக்கத்தில். பெயர், எத்தனை வருடப் பணி, கையெழுத்து. நைட் டியூட்டி முடித்து நேராக இங்கே வந்தவர்கள் முதலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். நன்றி, வணக்கம்.